விட்டத்தில் நடந்த கல்யாணம்

பிரான்சுக்குப் போக எனக்கு விசா கிடைத்தது, டிக்கெட் கிடைத்தது, ஜூன் மாதத்தில் இது எதற்கு என்று நான் கேட்டும் கேளாமல் என் கணவர் வாங்கிய கம்பளிக் கோட்டும் கிடைத்தது. பெட்டி மட்டும் பரண் மேல் இருந்தது. அதை எடுக்க ஸ்டூல் மேல் ஏறினேன். பெட்டி கைக்கு வந்தது, ஸ்டூல் காலை விட்டுப் போனது. குழந்தையைத் தூக்குவதுபோல் பெட்டியை மார்போடு அணைத்தபடியே நான் கீழே வந்து சேர்ந்தேன். பெட்டியில் ஒரு கீறல் இல்லை.

முதுகெலும்பில் விரிசல் என்றார் டாக்டர். ஆறு வாரம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். தலையணை கூடாது, தலையைத் தூக்கக் கூடாது, உட்காருவது பற்றி நினைக்கவே கூடாது. மகனின் கல்யாணம் ஐந்தாவது வாரத்தில் இருந்தது. முப்பது வருடம் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு விதியைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தவள் நான். அந்த உரிமையில் டாக்டரிடம் இரண்டு வாரம் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

எனக்கு ஒரே மகன். பாரிசுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே விரும்பிக் கட்டிக்கொள்ளப் போகிறான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சொந்தம் உண்டு என்பதால் யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. நான் விழுந்த செய்தியை என் கணவர் போனில் சொன்னதும் பதறினான். டிக்கெட்டை ரத்து செய்கிறோம் என்றதும் சொன்னான், "பரவாயில்லம்மா. நீ ரெஸ்ட் எடு. நான் வீடியோ எடுத்து அனுப்புறேன்."

அந்தப் "பரவாயில்ல"தான் எனக்கு முதுகு வலியைவிட அதிகமாக வலித்தது. நான் இல்லாவிட்டாலும் கல்யாணம் நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதை அவன் வாயால் கேட்க வேண்டுமா? எட்டு வருடமாக அவன் அங்கே, நான் இங்கே. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனுக்கு ஒன்றுதானோ என்று ஒரு சந்தேகம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அன்றே முடிவு செய்தேன். பழைய சோறு மாதிரி அப்புறம் வரும் வீடியோ எனக்கு வேண்டாம். அவன் அங்கே சம்மதம் சொல்லும் அதே நிமிடத்தில் நான் இங்கே பார்க்க வேண்டும். என் கணவரைத் தனியாகப் போகச் சொன்னேன். "நான் போயிட்டா உன்ன யாரு பொரட்டி வுடுறது?" என்று கேட்டார். எங்கள் முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் அவர் பேசிய காதல் வசனம் அது ஒன்றுதான்.

மல்லாந்து கிடப்பவள் எப்படிப் பார்ப்பது என்பதுதான் சிக்கல். டிவி சுவரில் இருக்கிறது, எனக்குத் தெரிவது மேலே இருக்கும் விட்டம் மட்டும். வேலைவெட்டி இல்லாதவர்களை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான் என்று திட்டுவோம். அந்த வேலை எவ்வளவு கஷ்டமானது என்று இப்போதுதான் தெரிந்தது. எங்களுடையது பழைய வீடு. கூடத்துக் கூரையில் பதினாறு தேக்குச் சட்டங்கள். நான்காவதில் ஒரு முடிச்சு, பதினொன்றாவதில் பல்லி குடியிருந்தது. போனை என் முகத்துக்கு மேலே பிடித்துப் பார்க்கலாம் என்று என் கணவர் ஒத்திகை பார்த்தார். நான்கு நிமிடத்தில் அவர் கை நடுங்கி, போன் என் மூக்கில் விழுந்தது.

"கூரையிலேயே படம் காட்டிட்டா என்னா?" என்றார் என் மூக்குக்கு ஐஸ் வைத்துக்கொண்டே. "சின்னதா புரொஜெக்டர் விக்கிறாங்க. கையில தூக்கிட்டுப் போறாப்ல. கரண்டு போனாலும் பேட்டரியில ஓடுமாம்."

நல்ல யோசனைதான். ஆனால் சொன்னது என் கணவர் என்பதால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் அரசு அலுவலகத்தில் சாமான் வாங்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு துடைப்பம் வாங்கமாட்டார். எங்கள் குளிர்பதனப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க இரண்டு கோடைக்காலம் ஆயின. என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் இரண்டு இடம் பார்த்திருந்தார், நான் மூன்றாவது கொட்டேஷன். இப்படிப்பட்டவரை நம்பி ஐந்து வாரத்துக்குள் ஒரு பொருளை வாங்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே ஒரு நீள நோட்டைப் பிரித்துக் கோடு போட ஆரம்பித்தார். மாடல், வெளிச்சம், பேட்டரி, சத்தம், தெளிவு, குறிப்பு என்று ஆறு கட்டம். அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் புரொஜெக்டரைத் தவிர வேறு பேச்சில்லை. கல்யாணம் அங்கே காலை பதினொரு மணிக்கு என்றால் நமக்கு மதியம் இரண்டரை. பட்டப்பகலில் படம் தெரிய வேண்டும் என்றால் வெளிச்சம் அதிகமாக இருக்க வேண்டும். வெளிச்சம் அதிகமானால் சூடாகும். சூட்டை ஆற்ற உள்ளே காற்றாடி சுற்றும், அது இரைந்தால் மகன் பேசுவது கேட்காது. இரையாதது வேண்டுமென்றால் வெளிச்சம் குறைவு. இப்படி அவர் சுற்றிச் சுற்றி வந்து, தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்.

என்னைப் பார்க்க வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. நோயாளியைப் பார்க்க வந்தால் ஆப்பிளும் ஆலோசனையும் கொண்டுவருவது வழக்கம். கருவடிக்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார், என் கணவருக்கு அக்கா, தினமும் பஸ் ஏறி வந்து எனக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, அந்த வெளிச்சம் நேராக என் மேல் விழுந்தால் ரத்தம் சுண்டிவிடும் என்பார். பக்கத்து வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் எல்லோரும் அவரைச் சொல்தா என்றுதான் சொல்வோம், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். அவர் இங்கே எதையுமே வாங்க வேண்டாம், பிரான்சில் இருந்தே வரவழைத்துவிடலாம் என்றார்.

"எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"என் தம்பி மவன் வர்றப்ப குடுத்து வுடலாம்."

"அவரு எப்ப வர்றாரு?"

"டிசம்பர்ல," என்றார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கடைசியில் நான் கத்திய பிறகுதான் என் கணவர் கடைக்குக் கிளம்பினார், துணைக்கு நாத்தனார். அங்கே நடந்ததை அவர் என்னிடம் சொல்லவே இல்லை, நாத்தனார்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கடைக்காரப் பையன் ஒரு மாடலைச் சுவரில் ஓட்டிக் காட்டியிருக்கிறான். "செவுத்துல வேணாம், மேல காட்டு," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, கைக்குட்டையைத் தரையில் விரித்து, கடை நடுவில் மல்லாந்து படுத்துவிட்டாராம் இவர். நோயாளி பார்க்கும் கோணத்தில் பார்க்காமல் எப்படி வாங்குவது என்பது அவர் வாதம். அந்த நேரம் உள்ளே வந்த ஒரு அம்மா, "யாராச்சும் சோடா வாங்கியாங்க" என்று கூவ, பையன் புரொஜெக்டரை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் அடித்திருக்கிறான். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வெளிச்சம் பத்தல," என்றாராம்.

இரண்டாவது கடையிலும் படுத்தார். மூன்றாவது கடைக்குள் நுழையும்போதே அங்கிருந்தவர் ஒரு பாயை எடுத்து விரித்தாராம், முதல் கடையிலிருந்து போன் வந்திருக்கிறது. அந்த மரியாதை அவருக்குப் பிடித்துப் போயிற்று. அந்தக் கடையில் பார்த்ததைத்தான் வாங்கினார். உருண்டையாக, எவர்சில்வர் தூக்குப் பாத்திரம் மாதிரி இருந்தது. தாங்கியில் வைத்து எந்தப் பக்கமும் திருப்பலாம், வானத்தைப் பார்த்தபடியும் நிற்கும். மூன்று மணி நேரம் பேட்டரி தாங்கும். கையில் வைத்திருக்கும் போனில் தெரிவதை அப்படியே மேலே காட்டும். அது வீட்டுக்கு வந்தபோது கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. இரண்டு கோடை எடுப்பவர் நான்கு வாரத்தில் முடித்தாரே என்று எனக்கு ஆச்சரியம். அவருக்கும் உள்ளுக்குள் பதற்றம் இருந்திருக்கிறது.

அன்று மாலை ஜன்னல்களைச் சாத்திவிட்டு மகனைக் கூப்பிட்டோம். கூரையில் அவன் வந்தான், துண்டு துண்டாக. கடைகளின் கூரை வெள்ளை வெளேரென்று தட்டையாக இருந்தது, எங்கள் கூரையிலோ பதினாறு சட்டம். நெற்றி ஒரு சட்டத்தில், மூக்கு அடுத்ததில், வாய் இரண்டுக்கும் நடுவில் பள்ளத்தில். நட்டநடுவில் மின்விசிறி அவன் முகத்தில் மூன்று இறக்கை மீசையாக நின்றது. பல்லி அவன் காதில் இருந்து கழுத்துக்குப் போயிற்று. மூன்று கடையில் தரையில் புரண்டவர் சொந்த வீட்டுக் கூரையை ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் திட்ட வாயெடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"என்னம்மா, நான் தெரியுறனா?" என்றான் மகன்.

"தெரியுதுடா. தவணை தவணையா தெரியுது," என்றேன்.

அதற்குப் பரிகாரம் சொன்னது நான்தான். அதனால் பின்னால் நடந்த கூத்துக்கு நான் யார் மேலும் பழி போட முடியாது. விசிறிக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுங்கள், அதில் படம் விழட்டும் என்றேன். அவருடைய வேட்டிகளில் எல்லாம் கரை இருந்தது. நல்ல அகலமான காடாத் துணி வாங்கி வரப் போனார். திரும்பி வந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. "அந்தத் துணிக்கடை பாயி எவ்ளோ நல்ல மனுசன் தெரியுமா? கூடத்துல மேல கட்டறதுக்குன்னு சொன்னேன். ஊட்டுல யாருக்குன்னு கேட்டாரு, ஊட்டுக்காரிக்குன்னேன். பேசாம எழுந்து வந்து என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டாரு. தைரியமா இருங்கன்னாரு." முதுகில் விரிசல் கண்டதற்கு ஊரில் இவ்வளவு இரக்கமா என்று எனக்கும் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. காலையில் இருந்தே வீடு ரணகளமாக இருந்தது. துணியின் நான்கு முனைகளில் கயிறு கட்டி, ஜன்னல் கம்பியிலும் பீரோ தலையிலும் இழுத்துக் கட்டினார் என் கணவர். எனக்கு நேர் மேலே, சுருக்கம் இல்லாமல் நின்றது. பரீட்சை செய்து பார்த்தால் படம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. புரொஜெக்டரில் அதைத் திருப்ப ஏதோ வழி உண்டு என்று தாளில் போட்டிருந்தது. "அதுல கை வெச்சா எல்லாம் கலைஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு, அவரும் சொல்தாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னைக் கட்டிலோடு திருப்பிப் போட்டார்கள். அப்போது என் தலை தெற்கே வந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

நாத்தனார் எனக்குப் பட்டுப்புடவையைச் சுற்றிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா நைட்டியோடு சம்பந்தி வீட்டாருக்குக் காட்சி தரலாமா? முகத்துக்கு மஞ்சள் பூசி, நெற்றியில் காலணா அளவு குங்குமம் வைத்து, தலையைத் தூக்க முடியாததால் மல்லிகைப்பூவைச் சூட்டாமல் தலையைச் சுற்றி வளைத்து வைத்தார். நல்ல காரியம் நடக்கும்போது விளக்கு எரிய வேண்டும் என்று குத்துவிளக்கை ஏற்றினார். கால்மாட்டில் புரொஜெக்டரும் என்னைப் படம் பிடிக்கும் போனும் நின்றதால் விளக்கைத் தலைமாட்டில் வைத்தார். கதவும் ஜன்னலும் சாத்தி, இடுக்கில் எல்லாம் போர்வை தொங்கவிட்டாயிற்று. விசிறி போட்டால் துணி அலையும், மகன் முகமும் அலையும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் எனக்கு மெல்ல விசிறினார். சொல்தா கோட்டு போட்டு, மெடல்கள் குத்தி, மொழிபெயர்க்க வந்து, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு என் தலைப்பக்கம் விறைப்பாக நின்றார். என் கணவர் கையில் நோட்டோடு கண் கலங்கி நின்றார். நான் ஆடாமல் அசையாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இதை நான் உள்ளே இருந்து பார்த்தேன். வாசலில் இருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சரியாக இரண்டரைக்குப் படம் வந்தது. அடடா! அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான்கு வாரம் விட்டத்துப் பல்லியைப் பார்த்த கண்ணுக்கு, என் மகன் எனக்கு நேர் மேலே, கோட்டும் டையுமாக, மூக்கின் மேல் இருக்கும் சின்னத் தழும்பு வரை தெளிவாக வந்து நின்றான். அது ஊஞ்சலில் இருந்து விழுந்த தழும்பு. பக்கத்தில் அந்தப் பெண், வெள்ளை உடையில், கையில் பூங்கொத்தோடு. அவர்கள் முன்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மூவர்ணப் பட்டை குறுக்கே போட்ட மேயரம்மா. மகனின் சிநேகிதன் ஒரு லேப்டாப்பை மேசை ஓரத்தில் வைத்திருந்தான். எங்கள் ஆசீர்வாதம் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தையும் முழுசாகக் கூட்டி வைத்திருக்கிறான்.

"இது மேரிக் கல்யாணம், மேயர் ஆபீசுல நடக்குறது," என்று சொல்தா கிசுகிசுத்தார். "சர்க்கார் கணக்குக்கு இதுதான் கல்யாணம். மத்ததெல்லாம் சாப்பாடு."

மேயரம்மா எதையோ நீளமாகப் படித்தார். "புருசன் பொஞ்சாதி ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுக்கணுமாம்," என்று சொல்தா மொழிபெயர்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் துணியைப் பார்த்தேன். படித்து முடித்து மேயரம்மா என் மகன் பக்கம் திரும்பினார். சொல்தாவின் குரல் இன்னும் தணிந்தது. "இப்ப கேக்குறாங்க. இவங்கள கட்டிக்க சம்மதமான்னு. ஆமான்னு அவன் சொல்லணும்."

அந்த நேரத்தில் வாசற்கதவு திறந்தது.

வீராம்பட்டினத்தில் இருந்து எங்கள் தெருவுக்கு இருபது வருடமாக மீன் கொண்டுவரும் அம்மா. ஊரில் அவருடைய மகளுக்குப் பிரசவம் என்று ஒரு மாதமாக வியாபாரத்துக்கு வரவில்லை. அன்றுதான் வந்து, நான் விழுந்து கிடப்பதாகக் கடைத்தெருவில் கேள்விப்பட்டு, மீதம் இருந்த மீனோடு என்னைப் பார்க்க ஓடிவந்திருக்கிறார். வெயிலில் இருந்து இருட்டுக்குள் நுழைந்தவர் கண்ணுக்கு என்ன தெரியும்? சாவு வீட்டில் கட்டுவதுபோல் மேலே வெள்ளை கட்டியிருக்கிறது. கீழே நான் பட்டுப்புடவையும் பூவும் பொட்டுமாக, சாவு வழக்கப்படி தெற்கே தலை வைத்துக் கிடக்கிறேன். தலைமாட்டில் விளக்கு எரிகிறது. ஒருவர் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்காரர் அழுகிறார். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

மீன்கூடை நங்கென்று தரையில் விழுந்தது. "எம்மா… எந்தாயே… போயிட்டியாம்மா!"

நடுக்கடலில் படகில் இருப்பவனைக் கரையில் இருந்து கூப்பிடும் குரல் அது. மார்பில் அடித்துக்கொண்டே வந்து என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இருவது வருசமா ஒரு நாளாச்சும் என்கிட்ட பேரம் பேசியிருப்பியாம்மா! கேட்ட காசைக் கையில வெச்ச மவராசியே! இனிமே இந்தத் தெருவுல நான் யாருகிட்ட மீனு விப்பேன்!"

இது சுத்தப் பொய். இந்த அம்மாவைக் கண்டாலே மீன் அழும் என்று என்னைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பவரே அவர்தான். திகைப்பில் எனக்கு வாய் வரவில்லை. நாத்தனார் விசிறியை வைத்து அவர் வாயை மூடப் பார்த்தார். அதைத் தள்ளிவிட்டு அடுத்த வரியை எடுத்தார் அந்த அம்மா. "பெத்த மவன் கல்யாணத்தைக் கண்ணால பாக்காமப் போயிட்டியே… தம்பிக்கு யாரு சேதி சொல்லுவீங்க!"

சேதி போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. நான் துணியைப் பார்த்தேன். அந்தக் கூடமே உறைந்து போயிருந்தது. மேயரம்மா வாய் திறந்தபடி நின்றார். அங்கே நடந்ததைப் பின்னால் மகனே சொன்னான். அதே நேரம் பார்த்து அவர்கள் பக்கம் எங்கள் படம் நின்றுவிட்டிருக்கிறது, குரல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. லேப்டாப் முழுக்க நான். பூவும் பொட்டும் வைத்து, கண் திறந்தபடி, இமைக்காமல். அதன் மேல் அந்த ஒப்பாரி.

என் மகனின் முகம் என் தலைக்கு மேலே ஆறடிக்கு விரிந்து இருந்தது. முதலில் அவனுக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. உதடு கோணியது. தாடை நடுங்கியது. முப்பது வயது ஆம்பளை, டை கட்டிய ஆள், எல்.கே.ஜி. முதல் நாள் நான் கேட்டைத் தாண்டி வெளியே போனபோது வைத்த அதே முகத்தை வைத்தான். "அம்மா," என்றான். சத்தம் வரவில்லை, வாய்தான் அசைந்தது. அந்தப் பெண் பூங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டாள். அவன் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, கண்ணாடிக்குள் கையை விட்டு என்னை எடுத்துவிடப் போவதுபோல் குனிந்தான். கண்ணில் இருந்து நீர் சொட்டியது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்புறம் முப்பது வருடம் வரிசையில் நிற்பவர்களை அதட்டிய குரலை எடுத்தேன். "நிறுத்துங்க மீன்காரம்மா! நான் சாவல!" அவர் வீலென்று ஒரு அலறல் போட்டுப் பின்னால் சாய்ந்தார். நான் நிறுத்தவில்லை. "டேய்! எனக்கு ஒண்ணும் இல்லடா! உசுரோடதான் கெடக்குறேன்! மீன்காரம்மா தெரியாம அழுவுறாங்க! அந்த மேயரம்மா கேட்டுட்டு நிக்கிறாங்க பாரு, பதில் சொல்லுடா!"

மகன் அப்படியே நின்றான். சொல்தா தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, விறைப்பாகப் போனுக்கு முன்னால் வந்து, கூடம் அதிர பிரெஞ்சில் ஏதோ அறிவித்தார். மாப்பிள்ளையின் தாயார் உயிரோடு இருக்கிறார், நல்ல கோபத்தில் இருக்கிறார் என்று சொன்னாராம். அங்கே முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், மேயரம்மா பட்டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகன் சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் முயற்சி செய்து, மூக்கைக் கைக்குட்டையால் சிந்திவிட்டு, "வுய்" என்றான், அதாவது ஆமாம். லேப்டாப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டான். மேயரம்மா பெண்ணைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். திரும்பி இன்னொரு தரம் சொன்னான்.

அந்தப் பெண் தன் சம்மதத்தைச் சொல்லிவிட்டுக் குனிந்து, "அத்தே, ஓகே?" என்று கேட்டாள். "அத்தே" எனக்காகக் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல்லாம். "ஓகே, ஓகே," என்றேன். எனக்கும் அந்த நேரத்தில் வேறு சொல் வரவில்லை.

மீன்கார அம்மாவுக்கு நாத்தனார் டீ போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கடைசிவரை அண்ணாந்து பார்த்தார். "தம்பி மெலிஞ்சிடுச்சேம்மா. அங்க நல்ல மீனு கெடைக்கலபோல," என்றார். போகும்போது கூடையில் இருந்த சங்கராவைக் கல்யாண மீன் என்று சும்மாவே கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வஞ்சிரம் கொண்டுவந்து ஒரு விலை சொன்னார். அநியாய விலை. நான் வாய் திறப்பதற்குள், ஒரு நாளும் பேரம் பேசாத மகராசி என்று நான் செத்தபோது அவர் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. பேசாமல் வாங்கிக்கொண்டேன். இன்றுவரை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று எல்லோரும் போன பிறகு என் கணவர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் ஏதோ எழுதினார். பொருள் வாங்கினால் மட்டும் போதாது, ஓடிப் பார்த்துத் திருப்தி என்று எழுதி முடித்தால்தான் அவருக்குக் கோப்பு மூடும்.

"என்னாங்க எழுதுறீங்க? காட்டுங்க," என்றேன்.

நோட்டை என் முகத்துக்கு மேலே பிடித்தார். மறுபடியும் மூக்கில் விழுமோ என்று பயந்துகொண்டே படித்தேன். வெளிச்சம், பேட்டரி, சத்தம் எல்லாவற்றுக்கும் கடைக்காரர் சொன்னதற்குப் பக்கத்தில் சரி என்று குறி போட்டிருந்தார். தெளிவு என்ற கட்டத்தில் மட்டும் பெட்டி மேல் போட்டிருந்ததைப் பார்த்து எழுதிய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே தன் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "பையன் அழுதது தெரிந்தது. அவளும் பார்த்தாள்."